வௌவால் மனிதனின் கார்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவிலே பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன்னே பேசிய இருவரும் அதை நிறைவாகப் பேசிவிட்டார்கள். ஆகவே நான் பொம்மையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். சங்கச் செயலாளர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்து, "ஐயா, பாசார் மாலாமுக்குக் கூட்டிட்டுப் போனா இந்தப் பிள்ளைங்க சின்னக் கார் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்குதுங்க. நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். பாவம், அவர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார். நான் செம்பனை ஆலையிலே முப்பது ஆண்டுக் காலம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வீட்டு அலமாரியிலே இன்றைக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் கார்கள் இருக்கின்றன. என் மனைவி அதோ மூன்றாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கிறார். வேண்டுமானால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இருநூறு காரையும் பற்றிச் சொன்னால் விடிந்துவிடும். ஒரே ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கறுப்புக் கார். ஓரமெல்லாம் சிவப்புக் கோடு. பின்னாலே இரண்டு பெரிய செதில்கள், வௌவாலின் இறக்கை போல. எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாளிலே வௌவால் மனிதனையும் தெரியாது, பேட்மேனையும் தெரியாது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'வாளைமீன் கார்'. பொம்மையை முதலிலே பார்த்தோம். அது யாருடைய கார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

பேட்மேன் கதை அமெரிக்காவிலே 1939-ஆம் ஆண்டு ஒரு சித்திரக்கதை இதழிலே பிறந்தது. பாப் கேன் என்பவர் படைத்தது என்றுதான் நெடுங்காலம் அச்சிட்டு வந்தார்கள். ஆனால் அந்த முகமூடியையும் மேலங்கியையும் கதையையும் உருவாக்கியதிலே பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மனிதர் 1974-ல் இறந்து போனார். அவர் பெயரையும் படைத்தவர் வரிசையிலே சேர்க்க 2015 ஆயிற்று. ஒரு மனிதன் செய்த வேலைக்குப் பெயர் வர எழுபத்தாறு ஆண்டுகள்! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு இடத்திலே வரும்.

அந்தக் கதையை அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடராகக் காட்டத் தொடங்கியது 1966 ஜனவரி 12-ல். 1968 மார்ச் 14-ல் முடிந்தது. மொத்தம் 120 பகுதிகள். ஆடம் வெஸ்ட் என்பவர் பேட்மேனாகவும், பர்ட் வார்ட் என்பவர் ராபின் என்ற இளைய தோழனாகவும் நடித்தார்கள். வேடிக்கையான தொடர் அது. அடிக்கிற அடியின் சத்தம் பெரிய பெரிய எழுத்தாகத் திரையிலே வந்து விழும். குகையிலே உள்ள ஒவ்வொரு கருவிக்கும் இது இன்ன கருவி என்று பெயர்ப் பலகை தொங்கும். திருடனைப் பிடிக்க அவசரமாகப் புறப்படும்போதும், முதலில் இடுப்பு வாரைக் கட்டு என்று பேட்மேன் தம்பிக்குச் சொல்வார். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகள் முழுக்க முழுக்க நம்பினார்கள். இரண்டு பேரையும் ஒரே பாயிலே உட்கார வைத்த தொடர் என்று சொல்லலாம்.

அந்தத் தொடருக்கு ஒரு கார் தேவைப்பட்டது. புதிதாகச் செய்ய நேரமில்லை. ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் வடிவமைப்பாளரிடம் ஒரு பழைய காட்சிக் கார் கிடந்தது. அதன் பெயர் லிங்கன் ஃபியூச்சரா. ஃபோர்டு கம்பெனிக்காக இத்தாலி நாட்டு டூரின் நகரிலே கியா என்ற பட்டறை 1955-ல் கையாலே தட்டிச் செய்த கார் அது. அந்தக் காலத்திலேயே இரண்டரை லட்சம் டாலர் செலவாயிற்று என்று சொல்வார்கள். கண்காட்சிகளிலே ஓட்டிக் காட்டினார்கள். 1959-ல் ஒரு சினிமாவிலும் வந்தது. பிறகு யாரும் சீந்தாமல் கிடந்தது. பாரிஸ் அதை எவ்வளவுக்கு வாங்கினார் தெரியுமா? ஒரே ஒரு டாலர்! மூன்று வாரத்திலே மூக்கை நீட்டி, செதிலை வெட்டி, கறுப்புச் சாயம் அடித்துப் பேட்மேன் காராக்கிவிட்டார்கள். இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டுகிற வேலையைச் செய்தவர் பில் குஷன்பெரி என்ற இன்னொரு பட்டறைக்காரர். உலகத்துக்குத் தெரிந்த பெயர் பாரிஸ். பிட்டர் வேலை பார்த்தவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

ஒரு டாலருக்கு வந்த அந்தக் கார் 2013 ஜனவரியிலே அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஏலம் ஒன்றிலே, ஏலக் கட்டணமும் சேர்த்து 46 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஒருவர் மட்டும்தான் அதை வாங்க முடியும். மற்றவர்களுக்கெல்லாம் பொம்மைக் கார்தான்.

பொம்மைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள். இதுதான் என் இடம்.

இங்கிலாந்திலே மெட்டாய் என்று ஒரு பொம்மைக் கம்பெனி இருந்தது. அதைத் தொடங்கிய பிலிப் உல்மான் ஒரு யூதர். ஜெர்மனியிலே நியூரம்பர்க் நகரில் பொம்மைத் தொழிற்சாலை நடத்தியவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், இனி இங்கே வாழ முடியாது என்று கண்டு இங்கிலாந்து வந்து, நார்தாம்டன் என்ற ஊரிலே புதிதாகத் தொழில் தொடங்கினார். ஊரை விட்டு வந்தவர் கையிலே தொழில் மட்டும்தான் இருந்தது. உங்களிலே பல பேருடைய பாட்டன்மாருக்கு அதுகூட இல்லை. கை மட்டும்தான் இருந்தது. போகட்டும். அந்தக் கம்பெனி பிறகு வேல்ஸ் பகுதியிலே ஸ்வான்சி நகரில் தொழிற்சாலை கட்டி, 1956-ல் கார்கி என்ற பெயரிலே சின்னக் கார்களை வெளியிட்டது. கார்கி என்பது வேல்ஸ் நாட்டுக் குட்டைக்கால் நாயின் பெயர். அதற்கு முன்பு வந்த உலோகப் பொம்மைக் கார்களுக்கு ஜன்னல் இருந்த இடம் வெறும் ஓட்டைதான். கார்கி கார்களுக்குத் தெளிந்த பிளாஸ்டிக்கிலே கண்ணாடி வைத்தார்கள்.

பேட்மேன் தொடர் வந்த அதே 1966-ல், அக்டோபர் மாதம், கார்கி 267-ஆம் எண்ணிலே பேட்மேன் கார் வந்தது. உள்ளங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள்ளே எத்தனை வேலை! முன்பக்கம் உள்ள வௌவால் சின்னத்தை அழுத்தினால் மூக்கிலிருந்து சங்கிலி வெட்டுகிற கத்தி ஒன்று வெளியே குதிக்கும். முதுகிலே மூன்று குழல். விரலாலே ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டினால் குழலிலிருந்து மஞ்சள் ராக்கெட் பாயும். ராக்கெட்டுகள் மொத்தம் பன்னிரண்டு கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பின்னால் உள்ள தீ நாக்கு. காரைத் தரையிலே தள்ளினால், சக்கரம் சுழலச் சுழல, சிவப்புப் பிளாஸ்டிக் தீ உள்ளே போய்ப் போய் வெளியே வரும். பேட்டரி இல்லை, சாவி இல்லை. சக்கரத்தின் சுழற்சியை முன்னும் பின்னும் போகிற அசைவாக மாற்றுகிற அந்த வித்தையை நான் பிறகு ஆலையிலே பெரிய இயந்திரத்தில் பார்த்தபோது, "அட, இது நம்ம வாளைமீன் காரு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்திலே நின்ற போர்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்தக் காரைப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்டச் செய்தார்கள். அதனால் எல்லாம் ஒன்று போல இருக்காது. முதலிலே வந்தவற்றுக்குப் பின்னால் கொக்கி கிடையாது. 1967-ல் பேட்மேன் படகு வந்தது. அதை இழுக்க வேண்டுமே, அதற்காகப் பிறகு வந்த காருக்குக் கொக்கி வைத்தார்கள். சக்கரமும் காலத்துக்குக் காலம் மாறியது. சேர்க்கிறவர்கள் காரைக் கையில் எடுத்ததும் முதலில் புரட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். இந்தப் புரட்டிப் பார்க்கிற விஷயத்திலே உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

என்னோடு இதே பள்ளியிலே படித்த நண்பன் ஒருவன். அவன் அப்பா துரை பங்களாவிலே சமையல் வேலை. எழுபதுகளின் தொடக்கத்திலே துரை குடும்பம் இங்கிலாந்துக்கே திரும்பியபோது, அந்த வீட்டுப் பையனின் கார்களையெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னிலே போட்டுச் சமையல்காரர் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்தொன்பது கார். அதிலே ஒன்று அந்தக் கறுப்புக் கார். ராக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை; ஒரு பக்கத்துக் கண்ணாடியும் உடைந்திருந்தது. ஆனால் தீ நாக்கு வேலை செய்தது! மாலையிலே லயத்துக் காங்கிரீட்டு வாசலில் நாங்கள் பன்னிரண்டு பேர் முறை போட்டு அதைத் தள்ளியிருக்கிறோம்.

நண்பன் சில ஆண்டுகளுக்கு முன்பு காலமானான். அவன் மகள் படிப்பிலே கெட்டி. கல்லூரியிலே இடம் கிடைத்தது. சேருவதற்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பழைய பித்தளைச் சாமான் வாங்குகிற ஒருவர் லயத்துக்கு வந்திருக்கிறார். குத்துவிளக்கைக் கேட்டு வந்தவர் கண்ணிலே டின் பட்டிருக்கிறது. "எல்லாம் துருப்பிடிச்ச பொம்மைம்மா. பாவம், போனாப் போகுது, மொத்தத்துக்கும் ஐம்பது வெள்ளி தர்றேன்" என்றாராம். அந்த அம்மா, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஐம்பது வெள்ளிக்குக் கொடுத்துடட்டுமா? அதுவும் உதவுமே."

"தங்கச்சி, அந்த ஆள் காரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாரா?"

"ஆமாண்ணே. கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்தாரு."

"அப்படின்னா அவருக்குத் தெரியும். கொடுக்காதீங்க."

துருப்பிடித்தது என்று சொன்னதே பொய். இந்தக் கார்கள் இரும்பு அல்ல. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சிலே ஊற்றிச் செய்தவை. அச்சாணியிலே வேண்டுமானால் துரு ஏறும், உடம்பிலே ஏறாது. நான் என் நண்பர் வட்டாரத்திலே நாணயமான ஒரு சேகரிப்பாளரை அழைத்து வந்தேன். அவர் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு காராக எடுத்து, இது இன்ன ஆண்டு, இதிலே இன்ன குறை, இதற்கு இவ்வளவு தரலாம் என்று அந்தப் பெண் பிள்ளை எதிரிலேயே நோட்டில் எழுதிக் கூட்டினார். முதலாமவர் சொன்ன ஐம்பது வெள்ளியைப் போல நாற்பது மடங்குக்கு மேல் வந்தது. அந்த அம்மா வாயடைத்துப் போனார். பிறகு டின்னுக்குள் கைவிட்டுக் கறுப்புக் காரை மட்டும் எடுத்து மடியிலே வைத்துக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம்ணே. அவரு பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு இதைத்தான் ஓட்டிக் காட்டுவாரு."

சேகரிப்பாளர் வந்ததே அந்தக் காருக்காகத்தான். அவர் முகத்திலே ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதன் விலையைக் கழித்துவிட்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். கல்லூரிப் பணத்துக்கு முந்நூறு வெள்ளி குறைந்தது. "அம்மா, அதையும் கொடுத்திடும்மா" என்று மகள் அழுதாள். தாய் கேட்கவில்லை. மறுநாள் சீட்டைக் கழித்து எடுத்து முந்நூறைக் கட்டினார். அந்த மகள் இப்போது வேலையிலே இருக்கிறாள். கார் அவர்கள் வீட்டுச் சாமி மேடையிலே, விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்து விளையாடக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, பேரன் வரட்டும் என்றார்.

இந்தச் சேகரிப்பு உலகத்திலே இப்படி இரண்டு விதமான ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டிலே பழைய டின், பழைய பெட்டி ஏதாவது இருந்தால், யாரோ ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கேட்பதற்கு முன்னால் நீங்களே அதைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். எந்த நாட்டில் செய்தது, எந்தக் கம்பெனி என்பது அடியிலே எழுதியிருக்கும். பெட்டியோடு இருந்தால் விலை பல மடங்கு. ஆகவே பெட்டியைத்தான் போலியாக அச்சடிக்கிறார்கள். ராக்கெட்டும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இது மாற்று உதிரி என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பழையது என்று சொல்லி விற்றால் அது திருட்டு.

பொம்மை உருவங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அமெரிக்காவிலே மெகோ என்ற கம்பெனி 1972-லிருந்து எட்டங்குல உயரத்தில் பேட்மேன், ராபின், சூப்பர்மேன் என்று வீரதீர நாயகர்களைத் துணிச் சட்டை போட்ட பொம்மைகளாக வெளியிட்டது. 1974-ல் அவற்றை உட்கார வைத்து ஓட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் பேட்மேன் காரும் வந்தது. முதலிலே வந்த பேட்மேனுக்கு முகமூடியைக் கழற்றலாம். பிள்ளைகள் கழற்றிக் கழற்றித் தொலைத்துவிட, பிறகு தலையோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தத் தொலைகிற முகமூடிப் பொம்மைக்குத்தான் கிராக்கி. அந்தப் பழைய பொம்மைகளின் கைகாலை உள்ளுக்குள்ளே ரப்பர் நாடாவாலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக ரப்பர் இற்றுப்போய்க் கையும் காலும் தொங்கிவிடும். ரப்பர் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உள்ள தாய்மார்கள் பால் வெட்டிய கைகளைக் கொண்டவர்கள். ஆனால் அமெரிக்காவிலே அதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே செய்கிறார்கள்.

அந்த மெகோவும் 1983-ஆம் ஆண்டு வாக்கிலே மூழ்கியது. அதே 1983-ல் கார்கியைச் செய்த மெட்டாய் கம்பெனியும் கடனிலே விழுந்தது. கார்கி என்ற பெயர் மட்டும் கை மாறிக் கை மாறிப் பிழைத்தது. 2008-ல் ஹார்ன்பி என்ற கம்பெனி அதை வாங்கியது. பொம்மை செய்கிறவர்கள் பிழைப்பும் ரப்பர் விலை மாதிரிதான். ஏறும்போது வானத்தில் ஏறும்.

தொடரை வைத்துப் பொம்மை செய்வதிலே இன்னொரு தடையும் இருந்தது. பேட்மேன் என்ற பாத்திரம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம்; 1966-ல் எடுத்த தொடர் வேறொரு கம்பெனிக்குச் சொந்தம். பங்காளிச் சண்டை மாதிரி இழுபறி. அதனால் ஆடம் வெஸ்டின் முகம் வைத்த பொம்மைகள் முறையாக மறுபடி கடைக்கு வர 2013 ஆயிற்று. தொடர் முழுவதும் தட்டுகளாக விற்பனைக்கு வந்தது 2014 நவம்பரிலே. அதற்குள் முதலிலே பார்த்த பிள்ளைகள் தாத்தா ஆகிவிட்டார்கள். அந்தத் தாத்தாக்கள்தான் வரிசையிலே நின்று வாங்கினார்கள். ஆடம் வெஸ்ட் அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு 2017-ல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களுக்கு ஒரு வேலை. யார் யார் சட்டைப் பையிலே கார் வைத்திருக்கிறீர்கள்? ஆசிரியர் அடிக்க மாட்டார், நான் பொறுப்பு, வெளியே எடுங்கள். சரி. ஹாட் வீல்ஸ் கார் வைத்திருப்பவர்கள் திருப்பிப் பாருங்கள். அடியிலே சின்ன எழுத்திலே என்ன எழுதியிருக்கிறது? உரக்கப் படி தம்பி. "மலேசியா"!

ஆம். அமெரிக்காவின் மாட்டெல் கம்பெனி ஹாட் வீல்ஸ் கார்களை 1968-ல் தொடங்கியது. 1980களிலிருந்து அவற்றைப் பினாங்கு மாநிலத்திலே, பிறையில் உள்ள தன் தொழிற்சாலையில் செய்து உலகம் முழுவதற்கும் அனுப்பியது. 2007-ல் அந்த வரிசையிலே நம்முடைய 1966-ஆம் ஆண்டுப் பேட்மேன் காரும் சேர்ந்தது. அமெரிக்காவிலே ஒரு சேகரிப்பாளர் கண்ணாடிப் பேழையிலே வைத்துப் பூட்டுகிற கார்களிலே எத்தனையோ நம் ஊரிலிருந்து போனவை.

எப்படிச் செய்கிறார்கள் என்றால், துத்தநாகக் கலவையை உருக்கி, அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள்ளே செலுத்துகிறார்கள். நொடியிலே இறுகிவிடும். ஓரப் பிசிறுகளை நீக்கி, சாயத்தை மின்னூட்டி அடிக்கிறார்கள். சாயத் துளிகள் காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டுவது போல உலோகத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெத்தென்ற ஒரு திண்டு, மையிலே தொட்டுத் தொட்டுக் காரின் வளைந்த உடம்பிலே கோடும் எழுத்தும் பதிக்கும். பேட்மேன் காரின் சிவப்புக் கோடுகூட இப்படிப் பதிப்பதுதான். கடைசியிலே கண்ணாடி, இருக்கை, சக்கரம், அடித்தட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தறைந்து மூடுவார்கள். கலவை சுத்தமாக இருக்க வேண்டும். ஈயம் கொஞ்சம் கலந்தாலும் சில ஆண்டிலே கார் உப்பி, வெடித்து, மாவாக உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னே வந்த பொம்மைகள் பல இப்படித்தான் அழிந்தன. ஈயத்தின் அளவைக் கட்டிப்போட்ட கலவை 1929 வாக்கில் வந்த பிறகுதான் சின்னக் காருக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது.

பிறை வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்திலே, விடியற்காலைப் பெரட்டுக்குப் போன குடும்பங்களிலிருந்து மகள்மார் தொழிற்சாலைப் பேருந்திலே ஏறினார்கள். என் அக்காள் மகளும் ஒரு பொம்மைத் தொழிற்சாலையிலே சில ஆண்டுகள் இருந்தாள். "மாமா, ஒரு நாளைக்கு எத்தனை காரு என் கையைத் தாண்டிப் போவுதுன்னு எண்ணவே முடியாது. ராத்திரி கண்ணை மூடினாக்கூட சக்கரம் ஓடுது" என்பாள். அவளிடம் ஒரு காரும் இல்லை. ஒரு தீபாவளிக்கு நான் அவளுடைய மகனுக்குப் பாசார் மாலாமிலே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, விளக்கருகே பிடித்து, கோடு நேராகப் பதிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் பிள்ளையிடம் கொடுத்தாள். காரின் அடியிலே கம்பெனி பெயர் இருக்கிறது, நாட்டின் பெயர் இருக்கிறது. செய்தவள் பெயருக்கு அங்கே இடமில்லை. பில் ஃபிங்கரைப் பற்றிச் சொன்னேனே, அவருக்காவது வழக்காட ஆள் இருந்தது.

பெற்றோர்களே, செயலாளர் கேட்ட புத்திமதிக்கு இப்போது வருகிறேன். பிள்ளை கார் கேட்டால் வாங்கித் தரலாமா? வீட்டிலே அரிசி, மருந்து, பள்ளிச் செலவு போக மிஞ்சினால் வாங்கித் தாருங்கள் என்பேன். மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். கேட்டதற்கெல்லாம் ஒன்று என்று வாங்கினால் அது சேகரிப்பு அல்ல, குவியல். வாங்கியதைப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் பிற்காலத்தில் லட்சமாகும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1966-ல் வந்த கார் ஏன் விலை போகிறது? அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை அடித்து, உருட்டி, மண்ணிலே புதைத்து விளையாடினார்கள். நல்லபடியாக மிஞ்சியது கொஞ்சம். இன்றைக்கு எல்லாரும் பிரிக்காமல் அடுக்கி வைக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளை யார் லட்சம் கொடுத்து வாங்குவார்? அதிலும் சிலர் கடை திறப்பதற்கு முன்னே போய் நின்று நல்ல காரையெல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு பிள்ளைகளுக்கே மூன்று பங்கு விலைக்கு விற்கிறார்கள். அவர்களை நான் சேகரிப்பாளர் கணக்கிலே சேர்ப்பதில்லை.

பிள்ளையைப் பெட்டியைப் பிரிக்க விடுங்கள். விளையாடட்டும். அதோடு ஒரு நோட்டும் கொடுங்கள். எந்தக் கார், எந்த நிறம், எங்கே வாங்கியது, எவ்வளவு, அடியிலே எந்த நாடு என்று தமிழிலே எழுதச் சொல்லுங்கள். என் பேரன் அப்படித்தான் நாட்டின் பெயர்களைப் படித்தான்: இங்கிலாந்து, ஹாங்காங், மலேசியா, தாய்லாந்து, சீனா. இந்த ஐந்து பெயரையும் வரிசையாக வைத்தால், தொழில் எந்தக் காலத்தில் எந்த ஊருக்கு இடம் பெயர்ந்தது என்ற சரித்திரமே தெரிகிறது. ஆசிரியர் சொன்னால் தூங்கி வழிகிற பையன், காரின் அடியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறான்.

வைத்துக் காப்பதிலே நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இரண்டு எதிரி. ஒன்று வெயில், ஜன்னல் ஓரம் வைத்தால் சிவப்பு வெளுக்கும், பிளாஸ்டிக் மஞ்சளாகும். மற்றது ஈரம்; அட்டைப் பெட்டியிலே பூசணம் பூக்கும், அந்துப் பூச்சி அரிக்கும். மூடியுள்ள பிஸ்கட் டின் போதும். டயர் ஒன்றோடொன்று ஒட்டாமல் காகிதம் வையுங்கள். சோப்புத் தண்ணீரிலே ஊற வைக்காதீர்கள், ஒட்டுத் தாள் உரிந்துவிடும். ஈரத்துணியாலே துடைத்தால் போதும். சாயம் போன காருக்குப் புதுச் சாயம் அடித்துக் கெடுக்காதீர்கள். தேய்ந்த இடத்தை வைத்துத்தான் எந்த விரல் அதை எங்கே பிடித்தது என்று தெரிகிறது.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தேநீரும் ஆறிக்கொண்டிருக்கும். மண்டபத்தின் பின்பக்கம், நூல்நிலைய மேசையிலே என்னுடைய ஏழு கார்களை வைத்திருக்கிறேன். அதிலே ஒரு கார்கி பேட்மேன் காரும் உண்டு, கொக்கி வைத்தது. பூட்டவில்லை, கண்ணாடி போட்டு மூடவில்லை. கை கழுவிவிட்டு வந்தால் யாரும் எடுத்துப் பார்க்கலாம், தள்ளியும் பார்க்கலாம். ராக்கெட் மூன்றுதான் இருக்கிறது. அதை மட்டும் சுடுகிற தம்பி, எங்கே விழுந்தது என்று பார்த்து எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.